மேலே படிக்க வழி இருக்கா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் நம்ம ஊர் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நானூற்றைம்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளைக்கு லட்டு. நானூறு வாங்கிய பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. முந்நூறு வாங்கிய பிள்ளைக்கு ஒரே ஒரு வாக்கியம்: "பேசாம ஐ.டி.ஐ-ல சேர்த்து விட்டுடுங்க."

அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்களின் குரலைக் கவனித்திருக்கிறீர்களா? ஏதோ ஜெயிலுக்கு அனுப்பச் சொல்வது போலவே இருக்கும்!

கோவை கணபதி பக்கம் ஒரு வீட்டில் 2022-ல் இது கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. பையன் வாங்கியது 318. யாரும் சொல்வதற்கு முன்னால் அவனே "நான் ஐ.டி.ஐ-ல ஃபிட்டர் படிக்கறேன்" என்று சொல்லிவிட்டான். சின்ன வயசிலிருந்தே வீட்டு மிக்சி, பழைய சைக்கிள், கிரைண்டர் என்று எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டே இருப்பவன். அம்மா சரி என்றார். அப்பா இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடியவே முடியாது என்றவர் தாத்தா. அப்போது அவருக்கு வயது 77.

"தொழில் படிக்கறதா? வேண்டாம் சாமி. அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க. நீ காலேஜுக்குப் போ. என்ன படிச்சாலும் சரி. தொழில் மட்டும் வேண்டாம்."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா பட்டறையில் தானே வேலை பார்க்கிறார்? அதையே முறையாகப் படித்துவிட்டுப் போனால் என்ன தப்பு?

தாத்தா சொன்ன அந்த "அன்னைக்கு" என்பது எந்த நாள் என்று தெரிந்தால்தான் இது புரியும்.

*

அது 1953. அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம். அவருக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவருடைய அப்பா ஊருக்கு முடிதிருத்துபவர். காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்தில் போய் நின்றால் தானியம் அளப்பார்கள், அதுதான் வருஷக் கூலி. கல்யாணத்துக்கும் போக வேண்டும், சாவுக்கும் போக வேண்டும். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

அந்த வருஷம் சென்னை மாநிலத்தில் ராஜாஜி முதலமைச்சர். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் வீட்டுக்குப் போய் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அரசுக்கும் அதற்கான காரணங்கள் இருந்தன. பணம் போதவில்லை, பள்ளிக்கூடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை. ஒரே பள்ளியை இரண்டு நேரமாக நடத்தினால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம், கைத்தொழிலும் அழியாது என்றார்கள்.

காகிதத்தில் படித்தால் நல்ல திட்டம் மாதிரிதான் தெரியும். ஆனால் நம்ம ஊரில் பெற்றோர் தொழில் என்றால் என்ன? சாதித் தொழில். வண்ணார் பிள்ளைக்குத் துணி, குயவர் பிள்ளைக்குச் சட்டி, முடிதிருத்துபவர் பிள்ளைக்குக் கத்தி. அதனால்தான் பெரியாரும் தி.மு.க.வும் மற்றவர்களும் இதற்குக் "குலக்கல்வித் திட்டம்" என்று பெயர் வைத்துத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சர் ஆனார். அந்த வருஷமே திட்டம் கைவிடப்பட்டது.

வரலாற்றுப் புத்தகத்தில் இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். அந்த எட்டு வயதுப் பையனுக்கு முடியவில்லை. ஒரு வருஷம் மத்தியானம் மத்தியானம் அப்பாவின் கத்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். அப்பாவுக்கும் கூட ஒரு ஆள் இருப்பது பழகிவிட்டது. மறுவருஷம் பள்ளிக்கூடம் பழையபடி முழுநாள் ஆனபோது அவன் அங்கே இல்லை. திட்டத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், பையனைத் திரும்ப அனுப்ப ஆளில்லை. அறுபது வயதுவரை அதே தொழில்.

தன் மகனை மட்டும் அந்தப் பெட்டியைத் தொட விடவில்லை. படிப்பு நின்றபோதும் "பட்டறைக்குப் போ, டவுனுக்குப் போ, எங்கயாச்சும் போ" என்று கோவைக்கு அனுப்பிவிட்டார். இப்போது பேரன் வந்து "தொழில் படிக்கறேன்" என்கிறான். அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

*

தொழிற்கல்வியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்துக்கு வருவதில்லை. நேராகப் புள்ளிவிவரத்துக்குப் போய்விடுவார்கள். புள்ளிவிவரம் தப்பில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையிலேயே 12-வது ஐந்தாண்டுத் திட்டத்தின் ஒரு மதிப்பீடு வருகிறது. 19 முதல் 24 வயது வரையுள்ள தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் 52 சதவீதம், ஜெர்மனியில் 75, தென் கொரியாவில் 96.

இதைப் பார்த்தவுடன் "பாருங்க, நாம எவ்வளவு பின்தங்கிட்டோம், எல்லாரும் டிகிரி டிகிரின்னு ஓடறாங்க, தொழிலை யாரும் மதிக்கறதில்லை" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் ஏன் மதிப்பதில்லை என்ற கேள்வியைக் கேட்பதில்லை. நம்ம ஊரில் தொழில் என்பது பல தலைமுறைகளாக ஒருவர் விரும்பி எடுத்ததாக இருக்கவில்லை, பிறந்தவுடன் தலையில் வைத்ததாக இருந்தது. அதிலிருந்து தப்பிக்க இருந்த ஒரே வழி படிப்பு. அதனால் ஒரு தாத்தா "என்ன படிச்சாலும் சரி, தொழில் வேண்டாம்" என்றால் அது அறியாமை இல்லை. அவர் வாழ்க்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

இது பழங்கதையும் இல்லை. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. 2025-ல் அந்த நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. எழுபது வருஷம் கழித்தும் அதே பயம், அதே கேள்வி.

அப்படியானால் தொழிற்கல்வியே வேண்டாமா? அங்கேதான் அந்த வீட்டில் நடந்த மீதிக் கதை முக்கியம்.

*

பையன் ஐ.டி.ஐ-யில் சேர்ந்துவிட்டான். அம்மாதான் கலந்தாய்வுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரசு ஐ.டி.ஐ என்பதால் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. தாத்தா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

ஃபிட்டர் பிரிவில் முதலில் என்ன சொல்லித் தருவார்கள் தெரியுமா? பெரிய மெஷின் எல்லாம் கிடையாது. ஒரு இரும்புத் துண்டைக் கொடுப்பார்கள். அதை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, சமமாகவும் சதுரமாகவும் ஆக்க வேண்டும். வாரக்கணக்கில் இதேதான். கை கொப்பளித்துவிடும். பிறகு அதன்மேல் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார் வாத்தியார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மேடுபள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பவும் ராவ வேண்டும்.

பக்கத்து வைஸில் தறி ஓட்டுபவர் மகன். அடுத்ததில் ஆட்டோக்காரர் மகன். அதற்கடுத்து தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பையன். அந்தப் பிரிவில் ஒரே ஒரு பெண், அவளுடைய அம்மா துப்புரவுப் பணியாளர். யாருடைய அப்பாவும் ஃபிட்டர் இல்லை.

ஒரு சனிக்கிழமை பையன் தான் ராவிய துண்டை வீட்டுக்கு எடுத்துவந்து டிவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். தாத்தா அதை எடுத்துப் பார்த்தார். ஐம்பது வருஷம் கத்தி தீட்டிய கை. கட்டைவிரலால் ஓரத்தை மெதுவாகத் தடவினார். பையன் வந்ததும், ஒரு வாரம் கழித்து முதல் வார்த்தையாக, "இந்த ஓரத்துல கொஞ்சம் ஏத்தமா இருக்குதே" என்றார்.

பையன் ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தான். இருந்தது!

"ஏனுங் தாத்தா, வெறும் கையிலயே எப்படிங் கண்டுபிடிச்சீங்க?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வேறொரு கேள்வி கேட்டார். "இதப் படிச்சா இத்தோட நின்னுக்கணுமா? இல்ல, மேல படிக்க வழி இருக்கா?"

படிக்கலாம் என்றான் பையன். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் வருஷம். பிடிக்கவில்லை என்றால் வேறு பக்கமும் போகலாம். தாத்தா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ ஏழு வருஷத்துல இஞ்சினியரா?" என்றார். "படிச்சா ஆகலாமுங்" என்றான்.

"அப்போ சரி."

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் எழுபது வருஷ விவாதத்துக்கும் அது ஒரு நல்ல அளவுகோல் இல்லையா? 1953 திட்டத்தில் தொழிலைத் தேர்ந்தெடுத்தது பிறப்பு. அதற்கு மேலே போக வழி எதையும் யாரும் காட்டவில்லை. இங்கே தேர்ந்தெடுத்தது பையன், மேலேயும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம். விஷயம் ஒன்றில்லை.

*

சரி, எல்லாம் சுபம் என்று இங்கேயே முடித்துவிட்டால் அது பொய்யாகிவிடும்.

ஐ.டி.ஐ முடித்தவுடன் பையன் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருஷம் பழகுநராகச் சேர்ந்தான். (பெயர் வேண்டாமே!) 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துவிட்டது. படித்ததை நிஜ வேலையில் பழகிக்கொள்வதுதான் அதன் நோக்கம். ஆனால் முதல் ஆறு மாதம் அவன் பழகியது அட்டைப்பெட்டி தூக்குவதைத்தான். குறைந்த சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடைத்தான் என்ற கணக்கு. அடுத்த ஆறு மாதம் ஒரு மூத்த ஃபிட்டர் அவனை டூல் ரூமுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டதால் உருப்படியாகப் போனது. அந்த மனிதர் இல்லாதிருந்தால்? சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கற்றுக்கொடுக்கிற மனசும் அதைக் கண்காணிக்கிற ஆளும் வேண்டும்.

எல்லோரும் புகழ்கிற ஜெர்மனியிலும் இதுதான் அடிப்படை. அங்கே பழகுநர் வாரத்தில் மூன்று நாலு நாள் நிறுவனத்தில் இருப்பார், மீதி நாள் தொழிற்பள்ளியில். தேர்வு உண்டு, ஒப்பந்தம் உண்டு, 1969-லிருந்து இதற்கென்று தனிச் சட்டமும் உண்டு. அங்கேயும் குறை சொல்கிறார்கள். பல மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளை வேறு வேறு வகைப் பள்ளிக்குப் பிரித்துவிடுகிறார்களே என்று. ஆனால் 2009-ல் ஒரு முடிவு எடுத்தார்கள். தொழிலில் 'மைஸ்டர்' தேர்வு முடித்தவர், பள்ளி இறுதித் தேர்வு எழுதாதவராக இருந்தாலும் பல்கலைக்கழகத்தில் சேரலாம். கணபதியில் ஒரு தாத்தா கேட்ட அதே கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் அது.

நம்ம பக்கமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ-க்களில் ரோபோ, சி.என்.சி மாதிரியான நவீனப் பயிற்சிகளுக்கு 2022-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-ல் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1000 ரூபாய், கல்லூரிக்கு மட்டுமில்லாமல் ஐ.டி.ஐ-க்கும் டிப்ளமோவுக்கும் உண்டு. காசை விட அதில் ஒரு விஷயம் பெரிது. ஐ.டி.ஐ-யும் உயர்கல்விதான் என்று அரசே ஒரே வரிசையில் வைத்துவிட்டது.

*

இதில் இன்னொருவரை மறந்துவிடக் கூடாது. சரி என்றும் வேண்டாம் என்றும் சொல்லாத அந்த அப்பா.

இருபது வருஷத்துக்கும் மேல் லேத் ஓட்டியவர். சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் ஒரு காகிதம்கூடக் கிடையாது. பட்டறை மாறினால் ஒவ்வொரு முறையும் ஹெல்பரிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நேற்று ஐ.டி.ஐ முடித்து வந்தவன் டிராயிங்கைப் பார்த்து வேலை செய்வான், இவர் அவனிடம் அளவு கேட்டுச் செய்ய வேண்டும். வேலை இவருக்குத்தான் நன்றாகத் தெரியும், ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை. மகன் ஐ.டி.ஐ போகிறேன் என்றபோது அவர் பேசாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். சந்தோஷமும் பட்டார், கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஐ.டி.ஐ-யில் படிக்காத, ஆனால் அனுபவம் உள்ள தொழிலாளர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். நாற்பத்தேழு வயதில் அப்பா டர்னர் பிரிவுக்கு விண்ணப்பித்தார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மகன் வாத்தியார், அப்பா மாணவர். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று டிராயிங் பாடம். தாத்தா கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

செய்முறைத் தேர்வு அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எழுத்தில் டிராயிங் காலை வாரிவிட்டது. மறுபடி எழுதப் போகிறார். பட்டறையில் மட்டும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இப்போது டிராயிங்கை யாரிடமும் கேட்பதில்லை, தானே பார்த்துக்கொள்கிறார்.

*

"படிப்பெல்லாம் எதுக்கு, ஜி.டி. நாயுடு படிச்சாரா?" என்று கோவையில் அடிக்கடி கேட்கலாம். உண்மைதான், பள்ளிப் படிப்பில் அவர் நிலைக்கவில்லை. ஆனால் அதே மனிதர்தான் 1945-ல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமாக இருந்தவர். வருஷக்கணக்கில் இழுக்காமல் சீக்கிரமாகத் தொழிலைச் சொல்லிக் கொடுக்க முடியும் என்று வாதாடியவர். தான் முட்டி மோதிக் கற்றதை மற்றவர்களும் முட்டி மோதித்தான் கற்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

பி.காம் படிக்கிற நண்பர்களுக்கு வாய்ப்புச் செலவு என்றால் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் விட்டுக்கொடுக்கிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. பிடிக்காத டிகிரியில் மூன்று வருஷம் உட்கார்ந்திருப்பதற்கும் அது உண்டு. வேறு வழியில்லாமல் ஒரு தொழிலில் மாட்டிக்கொள்வதற்கும் உண்டு. நம்மில் பாதிப்பேர் சாயங்காலம் டேலி கற்றுக்கொள்ளவும், டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பரீட்சைக்கும் போகிறோம். அதுவும் தொழிற்கல்விதானே? கையில் கிரீஸ் ஒட்டாததால் அதை அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்!

அந்தப் பையன் 2025-ல் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் வருஷம் சேர்ந்துவிட்டான். கணக்குப் பாடம் கொஞ்சம் உதைக்கிறதாம். முடித்துவிடுவானா, இஞ்சினியர் ஆவானா என்றெல்லாம் இப்போதே சொல்ல முடியாது. ஆகாவிட்டாலும் நல்ல ஃபிட்டராக இருப்பான், அது அவனே எடுத்த முடிவாக இருக்கும்.

அடுத்த ரிசல்ட் வரும்போது உங்கள் தெருவிலும் முந்நூறு மார்க் வாங்கிய ஒரு பிள்ளை இருக்கும். "பேசாம ஐ.டி.ஐ-ல சேர்த்து விட்டுடுங்க" என்று யாராவது அந்தக் குரலில் சொல்வார்கள். அப்போது அந்தப் பிள்ளையிடம் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள். உனக்கு இது பிடித்திருக்கிறதா? இதற்கு மேலே படிக்க வழி இருக்கிறதா?

இரண்டுக்கும் ஆமாம் என்றால் லட்டு வாங்கிக் கொடுங்கள்.